கை பழகிய எடிட்டர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வெப் புரோகிராமிங்கில் இப்போதுதான் இறங்கியிருக்கிறாள். “மாமா, எந்த எடிட்டர் நல்லது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்றாள். திரையைப் பார்த்தேன். மூன்று எடிட்டர்கள் ஏற்றியிருந்தாள். ஒன்றில் மட்டும் 18 எக்ஸ்டென்ஷன்கள். தீம் மாற்றுவதிலும் எழுத்துரு மாற்றுவதிலும் நான்கு சாயங்காலங்கள் போயிருந்தன. ஃபோல்டரில் ஒரே ஒரு கோப்பு. அதில் இரண்டு வரி.

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது. தப்பானதைப் பிடித்துக்கொண்டு வருடங்களை வீணாக்கிவிடுவோமோ என்ற பயம். எனக்கும் அது வெகுநாள் இருந்தது. நான் நேசித்த ஓர் எடிட்டர் நின்றுபோன அன்றைக்குத்தான் தீர்ந்தது.

2014-இல் கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் என்ற எடிட்டரைக் கொண்டுவந்தது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று நாங்கள் வலைப்பக்கம் செய்யும் அதே சரக்கில்தான் அதுவும் ஓடியது. வரி எண்ணின் நிறம் பிடிக்கவில்லையா, இரண்டு வரி எழுதி மாற்றிக்கொள்ளலாம். பட்டறைச் சுவரை நம் கையாலேயே பூசிக்கொள்வது போன்ற சந்தோஷம். 2022 ஜூனில் அதை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. அந்த டிசம்பர் 15-ஆம் தேதியோடு அது முடிந்தது.

அன்று சாயங்காலம் என் புராஜெக்ட் ஃபோல்டரை விஎஸ் கோட் என்ற இன்னொரு எடிட்டரில் திறந்தேன். ஒரு புள்ளி குறையவில்லை. தள்ளி எழுதிய வரிகள் தள்ளியே நின்றன. தமிழில் எழுதி வைத்த குறிப்புகள் தமிழாகவே இருந்தன. ஏனென்றால் நாங்கள் எழுதுவதெல்லாம் வெறும் எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரில் எழுதினோம் என்ற அடையாளம் அதில் ஒட்டுவதில்லை. இது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று தெரிய, தமிழ்ப் பதிப்பகங்களில் வேலை செய்தவர்களைக் கேட்க வேண்டும். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்து வைத்த புத்தகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் வராது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கொட்டிக் கிடக்கும். அங்கே கருவி போனபோது எழுத்தையும் இழுத்துக்கொண்டு போனது.

என் கோப்புகள் இடம் மாறின. விரல்கள்தான் மாறவில்லை. ஆட்டத்தில் கன்ட்ரோலையும் பேக்ஸ்லாஷையும் சேர்த்து அழுத்தினால் இடப்பக்கக் கோப்புப் பட்டியல் மறையும். விஎஸ் கோடில் அதே விசைகள் திரையை இரண்டாகப் பிளக்கும். ஒரு வாரம் முழுக்கத் திரையைப் பிளந்துகொண்டே இருந்தேன். மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது.

அப்போதுதான் பில் ஜாய் நினைவுக்கு வந்தார். 1976-இல் பெர்க்லியில் அவர் விஐ எடிட்டரை எழுதியபோது பயன்படுத்திய டெர்மினலில் எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன. அதனால் கர்சரை நகர்த்த அந்த நான்கு எழுத்துகளையே வைத்தார். அந்த டெர்மினல் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. 1991-இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம் எடிட்டர் அந்த நான்கு விசைகளை அப்படியே எடுத்துக்கொண்டது. மூலனாரும் 2023-இல் காலமானார். விம்மை இன்று வேறு பலர் பராமரிக்கிறார்கள். விஎஸ் கோடிலேயே அந்தப் பழக்கத்துக்கென்று எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. இயந்திரம் போய், எழுதியவரும் போய், விரலின் வழி மட்டும் கைக்குக் கை வருகிறது. ஆட்டமும் முழுதாகப் போய்விடவில்லை. அதற்காகக் கட்டிய எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல்தான் விஎஸ் கோடே நிற்கிறது.

எடிட்டர் என்பது வந்து போகும். கோப்பும் கைப்பழக்கமும் நம்மோடு இருக்கும். எடிட்டர் மாறும்போது கோப்பைக் காப்பாற்ற நாம் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. கைப்பழக்கத்துக்கு ஒரே வழி, ஒன்றில் உட்கார்ந்து நாள்படக் கிடப்பது. என் அம்மா அரிவாள்மனையில் பீன்ஸ் நறுக்கியபடியே வாசலில் நிற்பவரோடு பேசுவாள். கண் கத்தியில் இருக்காது. கருவியிலிருந்து கண் விடுபட்ட பிறகுதான் கண்ணுக்கு வேலையைப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. அவள் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். எலக்ட்ரான் எடிட்டர் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் ஒரு பிரவுசரையே சுமந்து வருவது. மூன்றையும் திறந்தால் மெஷின் திணறும். விஎஸ் கோடை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொன்னேன். எக்ஸ்டென்ஷன்களையும் எடுத்தாயிற்று. புது எச்டிஎம்எல் கோப்பில் ஓர் ஆச்சரியக்குறி போட்டு டேப் விசையை அழுத்தினாள். விஎஸ் கோடில் உள்ள எம்மெட் வசதி ஒரு முழுப் பக்கத்தின் எலும்புக்கூட்டைக் கொட்டியது. அழித்துவிட்டு ஒரு தடவை கையால் அடி என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள்.

இரண்டாவது வரியில் நின்றாள். “மாமா, இதுல மொழி ‘இஎன்’னு இருக்கே. நான் போடப்போறது தமிழ்ப் பக்கம்தானே?” ஆமாம். பார்வையற்றவருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் பெரும்பாலும் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. ‘இஎன்’ என்றிருந்தால் தமிழை ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிடக்கூடும். நான்கு சாயங்காலம் தீம் மாற்றியபோது கண்ணில் படாத வரி அது. ‘டிஏ’ என்று மாற்றினாள்.

புதிதாகக் கற்க வருகிறவர்களே, உங்கள் மெஷின் தாங்குகிற ஓர் எடிட்டரை இன்றைக்கே திறந்து ஒரு பக்கம் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு அதை மாற்றாதீர்கள். தமிழ்ப் பக்கம் என்றால் மறக்காமல் அந்த இரண்டாவது வரியைப் பாருங்கள்.