பிறர் கணித்த எண்ணும் நம் பொறுப்பும்

தான் நேரிற் கண்டறியாத ஒன்றைப் பிறர் சொல்லை மட்டும் கொண்டு உண்மையென ஏற்று ஒழுகுதல் அறிவுடைமையாகுமா? அவ்வாறு ஒழுகியதனால் தீங்கு விளையின் அதன் பொறுப்பு யாரைச் சாரும்? மெய்யியலில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் இவ்வினாக்களைக் கடலோடியின் கையிலுள்ள திருத்த அட்டவணையொன்றை முன்வைத்து ஆராய்வது பயனுடைத்து.

செக்ஸ்ரன்ற் என்னும் கருவியால் அடிவானத்துக்கு மேலே சூரியன் நிற்கும் கோணத்தை அளக்கும் மாலுமி, அவ்வளவை அப்படியே கொள்வதில்லை. முதலிற் கருவிக்குரிய சுட்டி வழுவை நீக்குவான். அடுத்தது அவன் நிற்கும் இடத்தால் வரும் வழு. கடல் மட்டத்துக்கு மேல் 9 மீற்றர் உயரத்தில் நிற்பவனுக்கு அடிவானம் தாழ்ந்து தோன்றுவதால் 5.3 கலையைக் கழிக்கவேண்டும். பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலையாகும். இடையிலுள்ள வளிமண்டலமும் ஒளியை முறித்துச் சூரியனை உயர்த்திக் காட்டுகிறது. 45 பாகை உயரத்தில் ஏறத்தாழ 1 கலையாகவுள்ள இவ்வழு, அடிவானத்தில் 34 கலையளவாகும். சூரியனின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும் வேளையில் முழுச் சூரியனும் உண்மையில் அடிவானத்தின் கீழே இறங்கிவிட்டது! இறுதியாக, அளந்தது கீழ்விளிம்பையாதலின், மையத்தைப் பெற ஏறக்குறைய 16 கலையைக் கூட்டவேண்டும். ஒரு கலை பிழைப்பின், அதனால் வரையப்படும் நிலைக்கோடு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீற்றர், விலகிவிடும்.

சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என அளவைகளை மூன்றாகக் கொள்வர். மாலுமியின் தொழிலில் இம்மூன்றும் ஒருங்கே இயங்குகின்றன. கருவியால் நோக்குதல் காட்சி; கோளத் திரிகோண கணிதத்தால் இடத்தைத் துணிதல் கருதல்; பஞ்சாங்கத்தின் அட்டவணையோ உரை. ஒளிமுறிவின் அளவை அவன் தானே நிறுவியவனல்லன். ஆயினும் கண்ணாற் கண்டதை அவ்வுரை கொண்டு திருத்துகிறான். காட்சியே தலையாய அளவை என்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

1877 ஆம் ஆண்டில் நம்பிக்கையின் அறம் பற்றி எழுதிய ஆங்கில அறிஞர் வில்லியம் கிளிபர்ட், பழுதுற்ற கப்பலைப் பற்றிய ஐயங்களைத் தன் மனத்துள் அடக்கிக்கொண்டு அதனைக் கடலுக்கு அனுப்பும் உரிமையாளன் ஒருவனை எடுத்துக்காட்டினார். கப்பல் தப்பிப் பிழைத்தாலும் அவன் குற்றவாளியே என்பது அவர் முடிபு. போதிய சான்றின்றி நம்புதல் தவறு என்னும் இக்கொள்கை சீரியது. ஆனால், ஒவ்வோர் எண்ணையும் தானே மெய்ப்பித்த பின்னரே புறப்படுவேன் என்னும் மாலுமி துறைமுகத்தை விட்டு நீங்கான். எனவே எவ்வகை உரை போதிய சான்றாகும் என்று கேட்பதே தகும்.

இதற்குக் கடற்பஞ்சாங்கத்தின் வரலாறு விடை தருகிறது. நெவில் மாஸ்கலினின் பொறுப்பில் 1767 ஆம் ஆண்டுக்கென முதன்முதலாக வெளிவந்த பிரித்தானியக் கடற்பஞ்சாங்கத்தை, தத்தம் இல்லங்களிலிருந்து கூலிக்குக் கணித்தவர்கள் உருவாக்கினர். இருவர் தனித்தனியே கணிக்க, மூன்றாமவர் ஒப்புநோக்கிச் சரிபார்ப்பது வழக்கம். தொடக்க ஆண்டுகளிலேயே இரு கணிப்பாளர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியமை ஒப்புநோக்கியவரால் கண்டுபிடிக்கப்பட்டு, அவர்கள் நீக்கப்பட்டனர். அவர்களின் குற்றம் சோம்பலினும் பெரிது. இரு சாட்சியென உலகம் நம்பிய இடத்தில் ஒரு சாட்சியே இருந்தது. பலர் ஒன்றையே கூறுவதால் அது உறுதிப்படாது. ஒருவரையொருவர் சாராது கூறினாலன்றோ உறுதிப்படும்? இது கணிதத்துக்கு மட்டும் உரிய நியாயமன்று.

இன்னொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. பெரிதும் வழங்கிய ஜோன் ஹமில்ரன் மூரின் கடலோடல் நூலில், நெட்டாண்டல்லாத 1800 ஆம் ஆண்டு நெட்டாண்டெனக் கொள்ளப்பட்டிருந்தது. பகலும் இரவும் ஒத்திருக்கும் காலத்தில், வான நடுக்கோட்டிலிருந்து சூரியன் விலகி நிற்கும் அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 கலை மாறும். ஆகவே ஒரு நாட் பிழை கப்பலின் அகலக்கோட்டை 24 கடல் மைல் வரை பிறழச் செய்யும். அந்நூலின் ஆயிரக்கணக்கான பிழைகளைத் திருத்திய நத்தானியேல் பௌடிச் 1802 இல் தமது நூலை வெளியிட்டார். பிழைக்கு முதற்பொறுப்பாளி அச்சிட்டவனே. எனினும் ஆழம் பார்த்தும் கரையடையாளம் கண்டும் ஒப்பிடும் வாய்ப்பிருந்தும் அதனைச் செய்யாது ஏட்டையே நம்பிய மாலுமியும் குற்றத்திற் பங்குடையவன். சரிபார்க்கும் வாய்ப்பு எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவே.

நல்ல உரை தன் எல்லையையும் கூறும். ஒளிமுறிவு அட்டவணை குறித்தவோர் வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் உரியதென்பதை ஒப்புக்கொண்டு, அவை மாறுமிடத்துக்கெனப் பஞ்சாங்கம் வேறோர் அட்டவணையையும் தருகிறது. ஆனால், நோக்குபவனின் கைந்நடுக்கத்துக்கு எந்த அட்டவணையிலும் திருத்தமில்லை.

மூன்று விண்மீன்களை நோக்கி வரையும் மூன்று கோடுகள் ஒரு புள்ளியிற் சந்திப்பது அரிது. சிறு முக்கோணமொன்றே பெரும்பாலும் எஞ்சும். தேர்ந்த மாலுமி அதனை மறைப்பதில்லை. அருகே பாறையிருப்பின், அம்முக்கோணத்தில் பாறைக்கு மிக நெருங்கிய மூலையிலேயே தன் கப்பல் நிற்பதாகக் கொண்டு திசையை வகுப்பான். இன்று செய்மதிகள் நம் இடத்தைத் திரையில் ஒற்றைப் புள்ளியாகக் காட்டுகின்றன. ஆயினும், கைவிட்டிருந்த வானோக்குக் கடலோடலை அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகம் 2015 இல் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது. உழைப்பைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். அதனால் வரும் முடிவுக்கான பொறுப்பை ஒப்படைக்க இயலாது. நம்பித்தான் வாழவேண்டியுள்ளது. எனினும் நம் ஐயத்தால் விளையும் ஆபத்தைக் கப்பலிலுள்ள பிறர் தலையிற் சுமத்தாத வகையில் நம்புவதே அறமாகும்.