கல்லில் இருப்பது யார்?

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், லிங்கிக்கு அருகே பெங்காலான் கெம்பாஸில் வாள், சுக்கான், கரண்டி என்று பெயர்பெற்ற பெருங்கற்கள் நிற்கின்றன. வாள் கல்லில் 'அல்லாஹ்' என்று செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் அகமது மஜ்னூன் என்பவரின் கல்லறை. அங்குள்ள கல்வெட்டின் காலம் 1467. இக்கற்கள் வளர்கின்றன என்று நம்பி, 'உயிருள்ள கற்கள்' என்றே மலாய் மக்கள் அழைத்தார்கள்.

தொல்லியல் கல்லின் வயதைத் தேடும். உயிரை அளக்க அதனிடம் கருவி இல்லை.

மானிடவியலும் அப்படித்தான். மானிடவியலாளர் ரப்பர் தோட்டத்து லயத்தில் தங்கி, பால்மரத்தடியில் சூலம் நட்ட முனியாண்டிக்கு யார் சுருட்டு வைக்கிறார், யார் சேவல் நேர்கிறார் என்று பார்ப்பார். தெய்வம் உண்டா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். அந்த அடக்கம் மதிக்கத்தக்கது.

ஆனால் தோட்டம் கைமாறி, கோயில் இடம்பெயர்ந்தால் முனியாண்டியும் உடன் வருவாரா? தென் தமிழகத்தில் பழைய கோயிலின் பிடிமண்ணை எடுத்துப்போய்ப் புதுக்கோயில் எழுப்புவார்கள். வழிபடுவோருக்கு அந்த மண்ணோடு சாமியும் வந்துவிடுகிறது.