திருநீலகண்டமும் வழிநடை மழையும்

திருச்சிற்றம்பலம்

வழிநடை என்பது சைவத்திற்குப் புதிதன்று. தேவாரம் அருளிச்செய்த ஆசிரியர் மூவரும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தலயாத்திரையிலேயே கழித்தனர். அவர்கள் நடந்திலரேல் நமக்குத் திருப்பதிகங்கள் கிடைத்திரா. வழியென்றால் வெயிலும் உண்டு, மழையும் உண்டு. பசியும் உண்டு, நோயும் உண்டு. அவற்றினிடையே ஒரு கவளம் சோறும் ஒரு மிடறு நீரும் ஒதுங்க ஓரிடமும் உண்டு. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் இளைத்து வந்த அப்பரடிகளுக்கு இறைவன் சோலையும் பொய்கையும் அமைத்து, பொதிசோறு தந்து, வழித்துணையாகவும் உடன் நடந்தான் என்று சேக்கிழார் பெருமான் அருளுகின்றார். இச்சிறு உதவிகளைச் சித்தாந்த நூல்வழி நின்று எங்ஙனம் கொள்ளுதல் வேண்டும் என்பதே இன்று யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதற்குச் சான்றாவது சேலம் நாமக்கல் சமவெளியிலேயே நிகழ்ந்த ஒரு செய்தி. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளுக்கு உற்ற முயலகன் என்னும் நோயைத் தீர்த்த ஆளுடைய பிள்ளையார், பின்னர்க் கொங்குநாடு புகுந்து, கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டை வணங்கினார். திருநணாவாகிய பவானிக்குச் சென்று மீண்டும் செங்குன்றூரில் அமர்ந்தார். அப்போது பனிக்காலம் வந்தது. உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அது அந்நிலத்தின் இயல்பு என்று கண்டும் பிள்ளையார் வாளா இருந்திலர். திருநீலகண்டத் திருப்பதிகத்தை அருளிச்செய்தார். நோய் அடியாரை விட்டு நீங்கியதோடு அந்நாட்டையும் விட்டு அகன்றது என்பது பெரியபுராணம். முதல் திருமுறையில் 116ஆம் பதிகமாக அது விளங்குகின்றது.

இங்கே ஒரு வினா எழும். துன்பம் வினைப்பயன் அன்றோ? நுகர்ந்தே கழித்தற்குரிய பிராரத்தத்தைப் பாட்டால் விலக்குதல் முறையோ? இவ்வினாவைப் பிறர் எழுப்புமுன் பிள்ளையாரே எடுத்துக்கொண்டு விடை கூறுகின்றார். இதற்கு இது காரணம் என்று சொல்லத் தெரிந்த நீவிர், அதனின்று உய்யும் வழியை நாடாதிருத்தல் நுமக்குக் குறையன்றோ என்று அடியாரை வினவி, கைத்தொண்டு செய்து இறைவன் திருவடியைப் போற்றுவோம் என்று வழிப்படுத்துவதே அப்பதிகத் தொடக்கத்தின் கருத்து. இக்கருத்தை யாம் பன்முறை அவையில் எடுத்து விரித்திருக்கின்றோம். ஆயினும் அதனை உண்மையாகக் கற்றது சென்ற ஐப்பசித் திங்களிலேதான். அதனை மறையாது கூறுதல் எம் கடன்.

சேலம் சுகவனேசர் திருமுன் விடைபெற்று, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்செங்கோட்டிற்கு அன்பர் நால்வருடன் கால்நடையாகப் புறப்பட்டோம். நால்வருள் ஒருவன் திருமுறை பயிலும் பதினாறு வயது மாணவன். மாற்றாடை, திருநீற்றுப் பை, திருமுறைப் புத்தகம், சிறிது அவல் இவையே ஒவ்வொருவர் தோள்மூட்டையிலும் இருந்தன. வழியில் எவரிடத்தும் ஒன்றும் ஏற்பதில்லை, ஊர்தி ஏறுவதில்லை என்று யாம் ஒரு நோன்பும் விதித்தோம். அதனுள் பக்தியினும் செருக்கே மிகுந்திருந்தது என்பதை அன்று உணர்ந்திலேம்.

சேலம் பகுதியில் புரட்டாசியும் ஐப்பசியும் மழைக்குரிய திங்கள்கள். நண்பகல் வரை வெயில் காயும். பிற்பகலில் சேர்வராயன் மலைப்புறம் கறுத்து இடியுடன் கொட்டும். அன்றும் அங்ஙனமே ஆயிற்று. ஆட்டையாம்பட்டியில் ஒரு முறுக்குக் கடையின் இறப்பில் சற்றே ஒதுங்கினோம். கடைக்காரர் அடுப்பின் அருகே அமருமாறு அழைத்துச் சூடான கைமுறுக்குகளை ஒரு தாளில் வைத்து நீட்டினார். யாம் கைகூப்பி மறுத்தோம். மாணவன் அத்தாளையும் எம்மையும் மாறி மாறி நோக்கியதைக் கண்டும் காணாதவர்போல் நடந்தோம்.

ஊரைக் கடந்தபின் இருபுறமும் மரவள்ளிக் காடுகள். சாலையோரச் செம்மண் சேறாகி அடியைப் பற்றியது. மூட்டையுள் நீர் புகுந்து அவல் குழைந்தது. பேருந்துகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு கடந்து சென்றன. மாணவன் நடுங்கலானான். "ஐயா, எங்கேனும் சற்று ஒதுங்கலாமா?" என்று கேட்டான். "பிராரத்தம் அப்பா, நுகர்ந்தே கழித்தல் வேண்டும்" என்றோம். அவன் மறுமொழி கூறவில்லை. சிறிது தூரம் சென்றபின் அவன் கையைத் தற்செயலாகத் தொட்ட அன்பர் ஒருவர் திடுக்கிட்டார். அது கொதித்தது.

இருட்டும் வேளையில் தறியோசை கேட்ட ஒரு வீட்டின் திண்ணையில் ஏறினோம். நெசவாளர் குடி. அவ்வீட்டு அம்மையார் வெளியே வந்து பார்த்தார். யாம் எம் நோன்பைச் சொல்லத் தொடங்கினோம். அவர் அதனைக் கேட்டு முடிக்கவில்லை. "சாமி, பெரியவங்க நீங்க நனையலாமுங்க. இந்தப் பிள்ளை என்னங்க பண்ணும்?" என்று கூறி, மாணவனைக் கைப்பற்றி உள்ளே அழைத்துச் சென்றார். உலர்ந்த துண்டு ஒன்று வந்தது. அடுப்பருகே ஓர் இருக்கை வந்தது. சுக்கும் மல்லியும் இட்ட கொதிநீரும், உப்பிட்டு அவித்த மரவள்ளிக் கிழங்கும் வந்தன. நனைந்த திருமுறைப் புத்தகத்தையும் அவரே வாங்கி, இதழ் இதழாகப் பிரித்து அடுப்பின் வெம்மையில் காய வைத்தார். எமக்கும் கிழங்கு வந்தது. யாம் ஏற்றோம். அத்துணைச் சுவையுள்ள உணவை யாம் அதற்குமுன் உண்டதில்லை.

இரவில் மாணவன் படுத்தவாறே மெல்லிய குரலில் திருநீலகண்டப் பதிகத்தை ஓதினான். அன்பர் மூவரும் உடன் ஓதினர். எமக்கு மட்டும் நா எழவில்லை. பிள்ளையார் வினவிய வினா எம்மையே நோக்கி நின்றது. இதற்கு இது காரணம் என்று சொல்லத் தெரிந்திருந்தோம். கைத்தொண்டு செய்யத் தெரிந்தவரோ எழுத்தறியாத அவ்வம்மையார்.

அன்பர்களே! சித்தாந்தம் கூறுவது யாது? வினை சடம், தானே வந்து உயிரைப் பற்றும் அறிவு அதற்கில்லை. உயிரோ தன் வினைப்பயனைத் தானே தேர்ந்து கொள்ளும் ஆற்றல் உடையதன்று. ஆகலின் வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்க. அவன் கூட்டுவது மலம் நீங்கிப் பக்குவம் எய்துதற்பொருட்டு. துன்புறுத்தித் திருத்துவது மறக்கருணை; இன்புறுத்தி அணைப்பது அறக்கருணை. இரண்டும் ஒருவன் கருணையே. மழையைத் தந்தவன்தான் திண்ணையையும் தந்தான். குளிரை வினைப்பயன் என்று பணிந்து ஏற்பவன், கொதிநீரை மட்டும் வேண்டாவென்று தள்ளுவது என்ன முறை? ஒரு கையை வணங்கி மறுகையைத் தட்டுதல் போலும் அது. தவம் என்ற பெயரால் அங்கே நிற்பது ஆணவமே.

இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. வினைக்கொள்கை தன் துன்பத்தில் தான் சினவாதும் சோராதும் நிற்றற்பொருட்டு அருளப்பட்டது. பிறர் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்றற்பொருட்டன்று. பாற்கடலில் நஞ்சு எழுந்தபோது தேவர்கள் ஓடிவந்து அடைக்கலம் புகுந்தனர். அந்நஞ்சு அவர்கள் முயற்சியின் விளைவே. "நும் வினை, நுகர்மின்" என்று பெருமான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, தானே வாங்கி உண்டு கண்டத்தில் வைத்தான். அக்கண்டத்தை ஆணையாக வைத்துப் பாடும் நாம், நடுங்கும் ஒரு பிள்ளையை நோக்கிப் பிராரத்தம் என்று சொல்லி நடக்கலாமோ? யாம் சொன்னோம். அதனாலேயே இதனை எழுதுகின்றோம்.

விடியற்காலையில் சுரம் தணிந்திருந்தது. கொதிநீரோ, அடுப்பின் வெம்மையோ, பதிகமோ, எதனால் தணிந்தது என்று யாம் பிரித்து நோக்க முயன்றிலேம். மல்லசமுத்திரத்தில் மருத்துவர் ஒருவரிடம் மாணவனைக் காட்டி மருந்து பெற்றுப் பேருந்தில் ஏறினோம். நோன்பு முறிந்தது, அதனோடு முறிய வேண்டிய பிறிதொன்றும் முறிந்தது.

இரண்டு நாள் தங்கி, அவன் உடல் தேறியபின் மலையேறினோம். திருச்செங்கோட்டு மலைக்கு ஏறத்தாழ 1,200 படிகள். வழியில் அறுபதாம்படி என்று ஓரிடம் உண்டு. அங்கே நின்று பொய் சொல்ல இந்நாட்டார் அஞ்சுவர். வழக்குடையோர் அப்படியில் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அப்படியில் நின்று மாணவனிடம் எம் பிழையைச் சொன்னோம். அவன் நாணித் தலைகுனிந்து, எம் தோள்மூட்டையை வாங்கித் தன் தோளில் இட்டுக்கொண்டு முன்னே ஏறினான். மேலே அம்மையப்பனாய் ஒரு திருமேனியில் நிற்கும் பெருமானின் திருவடிக்கீழ்ச் சுரக்கும் தேவதீர்த்தத்தை அவன் கையாலேயே வாங்கிப் பருகினோம்.

மடங்களுக்கும் சைவச் செல்வர்க்கும் ஒரு விண்ணப்பம். கொங்குநாட்டிலும் பிறநாட்டிலும் கால்நடையாகத் தலம் நாடுவோர் இன்றும் பலர். எடப்பாடி அன்பர்கள் ஆண்டுதோறும் பழநிக்கு நடந்து செல்வதை நாடறியும். வெயிற்காலத்தில் தண்ணீர்ப்பந்தர் வைக்கின்றோம். அப்பூதியடிகள் காட்டிய அறம் அது. மழைக்காலத்தில் ஒரு வெந்நீர்ப்பந்தர் வைத்தல் ஆகாதோ? மூடாத ஒரு திண்ணை, எரியும் ஓர் அடுப்பு, உலர்ந்த நான்கு துண்டுகள், சிறிது சுக்கு, இவ்வளவே வேண்டுவது. அவ்வடுப்பின் அருகே அமர்ந்து திருநீலகண்டம் ஓதுக. அப்போது அப்பதிகத்தின் பொருள் உரையின்றியே விளங்கும்.

திருச்சிற்றம்பலம்