குற்றம் எங்கே இருக்கிறது?

ஒரு குறை ஒருமுறை தோன்றினால் அதைத் தற்செயல் எனலாம். அதே குறை மீண்டும் மீண்டும் தோன்றுமானால், நாம் செய்த வைத்தியம் சரியில்லை என்பதே பொருள். அந்த நேரத்தில் நாம் யார்மீது பழியைச் சுமத்துகிறோம் என்பது, வியாபாரிகளாகிய நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விஷயமாகும். இதற்கு மோட்டார் வாகனத்திலிருந்து ஓர் உதாரணம் காட்டுவோம்.

அமெரிக்காவில் விற்பனையான நிஸான் பாத்ஃபைண்டர் என்னும் பெரிய ஜீப் வண்டிகளில், 2005 முதல் 2010 வரையிலான மாடல்கள் பலவற்றில் ஒரு கோளாறு கண்டது. கியர் தானாக மாறும் வேளையில் வண்டி குலுங்கும். வேகம் பிடிக்காமல் இழுக்கும். பார்த்தவுடன் கியர் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வார்கள். ஆனால் மூலகாரணம் வண்டியின் முன்புறம் இருந்த ரேடியேட்டர்! கியர் எண்ணெயைக் குளிர வைக்கும் குழாய் அதற்குள்ளேதான் அமைந்திருந்தது. அதில் விரிசல் கண்டால், எஞ்சினைக் குளிர வைக்கும் நீர் எண்ணெயில் கலந்துவிடும். சிவப்பாகத் தெளிந்திருக்க வேண்டிய எண்ணெய், சிராப் பண்டோங் தண்ணீர் போலக் கலங்கிப் போகும். உள்ளேயிருக்கும் கிளட்ச் தட்டுகளின் மேற்பூச்சு நீரில் ஊறிப் பெயர்ந்துவிடும். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது; ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைல் என்று கம்பெனி நீட்டிக் கொடுத்தது.

இத்தகைய வண்டிக்குப் பழைய ரேடியேட்டரை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கியர் பெட்டியை மாட்டினால் என்ன ஆகும்? புதுப் பெட்டியும் பழையதன் வழியே போகும். இன்னும் சிலர் பேட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டி, எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு, கோளாறு தீர்ந்தது என்பார்கள். அணைந்தது விளக்கு மட்டுமே, கோளாறு அன்று.

இனி நம் கடைக்கு வருவோம். மாதக் கடைசியில் கல்லாவில் பணம் குறைகிறது. கல்லாவில் நின்ற பையனை வேலையை விட்டு நீக்குகிறோம். அடுத்தவன் வருகிறான், அப்போதும் குறைகிறது. அவனையும் நீக்குகிறோம். முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுத்த பணம் கணக்கில் ஏறியதா, கடன் சிட்டை அன்றன்றே எழுதப்பட்டதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? கியர் பெட்டியைத் தூக்கி எறிந்தால் பணம்தான் நஷ்டம். மனிதனைத் தூக்கி எறிந்தால், அவன் கெட்ட பெயரையும் சுமந்துகொண்டல்லவா போகிறான்! அவனை நம்பியிருக்கும் தாய்க்கும் தங்கைக்கும் யார் பதில் சொல்வது?

“அப்படியானால் தவறு செய்தவனை விட்டுவிடச் சொல்கிறீரா?” என்று கேட்கலாம். இல்லை. காரணம் ரேடியேட்டரில் இருந்தாலும், நீரில் ஊறிய தட்டுகள் எண்ணெயை மாற்றியதால் மட்டும் பழைய நிலைக்கு வந்துவிடா. அவற்றையும் சீர் செய்தே ஆக வேண்டும். அதுபோல, எண்ணாமல் திறந்து கிடந்த பெட்டியால் ஒருவன் ஆசைக்கு ஆளாகியிருந்தால், அவனையும் திருத்த வேண்டும்; பெட்டியைத் திறந்து போட்ட நம் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று மற்றொன்றை இல்லாமல் செய்துவிடாது.

கியர் பெட்டியே தேய்ந்து கெடுவதும் உண்டு. எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வீசினால் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். ஆகவேதான் நல்ல போமன், பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் வாடையையும் பார்க்கிறார். பிறகு மின்கம்பி இணைப்புகளைச் சோதிக்கிறார். செலவில்லாத சோதனை முதலில். செலவுள்ள தீர்ப்பு கடைசியில்.

இயந்திரத்துக்குக் காட்டும் இந்தப் பொறுமையை மனிதனுக்குக் காட்ட நமக்கு நேரமில்லை என்று சொல்வது நியாயமாகுமா? குறை தெரிகின்ற இடம் வேறு, குறை பிறக்கின்ற இடம் வேறாக இருக்கலாம். ஆதலால் ஒருவனுடைய பிழைப்பைப் பறிக்கும் முன்பு, கணக்குப் புத்தகத்தை ஒருமுறை முதலிலிருந்து புரட்டிப் பாருங்கள். முதலாளியின் பெயரில் எழுதப்பட வேண்டிய பற்றும் அதில் விடுபட்டிருக்கக்கூடும்.