பட்டும் அறியாதவர்

துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்பர். அஃது உண்மைதானா?

1943 ஒக்டோபரில் எகிப்தின் இட்கு தளத்திலிருந்து எழுந்த ஹரிக்கேன் போர்விமானமொன்று உயரமுடியாமல் வீழ்ந்து நொறுங்கியது. ஓட்டியவர், முந்திய ஆண்டிற் பயிற்சி முடித்த றொடீசிய இளைஞர் இயன் சிமித். தாடை, கால், தோள் முறிந்தன. கெய்ரோ வைத்தியர்கள் அவர் முகத்தையே மீளமைத்தனர். ஆறி எழுந்தவர், 1944 யூனில் இத்தாலியிற் சுட்டு வீழ்த்தப்பட்டார். பாசிசத்தை எதிர்த்த கெரில்லாக்கள் ஐந்து மாத காலம் அவரைக் காத்தனர். மலைநாட்டு விவசாயிகள் இடமளித்தனர். அகப்பட்டால் நாசிகள் கொல்வர் என்பதை அறிந்தே செய்தனர். அவர் தம் மொழி பேசாதவர் என்பது தடையாகவில்லை.

அவரே 1964 இல் பிரதமரானார். 1965 நவம்பர் 11 இற் சுதந்திரப் பிரகடனம் செய்தார். யாருடைய சுதந்திரம்? மக்களில் இருபதில் ஒரு பங்கினரான வெள்ளையருடையது! ஆபிரிக்கரின் கையில் ஆட்சி சேராதிருக்க நடத்திய போர் 1979 இறுதிவரை நீண்டது. அடைக்கலம் பெற்றதை அவர் மறந்திருக்கமாட்டார். தம்மவர்க்குள் நிகழும் உதவியென்றே கொண்டார் போலும்.

சிமித்தைப் பழிப்பது எமக்கு எளிது. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தது. அறியாத முற்றங்களிற் படுத்தோம். கண்ட கிணற்றில் நீர் அள்ளினோம். பின்னர் ஊர் திரும்பினோம். 2017 இல் இதே வலிகாமத்துப் புத்தூரில், கலைமதிக் கிராமத்து ஒடுக்கப்பட்ட மக்கள், தம் குடிமனைகளின் நடுவே பிணம் எரிக்கவேண்டாமென்று போராட நேர்ந்தது. புகை எட்டாத தொலைவிலிருந்த நம்மில் எத்தனை பேர் அவர்களோடு போய் அமர்ந்தோம்?