பாணும் மட்டசனமும்



நீரிழிவு கண்ட ஒரு தகப்பனாரிடம், "பாணைக் குறையுங்கள்" என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்றே அவர் அச்சுப்பாணை ஒதுக்கினார். ஆனால் ஞாயிறு மாலையில் ஒடியற்கூழ் காய்ச்சினால் அவர் முகம் மலர்கிறது. விருப்பமானதை உவந்து உண்பவர் மட்டசனம் காப்பவர் ஆவாரோ?

பாண் நம் முன்னோர் உணவன்று. பெயரே போர்த்துக்கேயச் சொல். 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, கோதுமை மா நம் நாட்டு வீடுகளில் வேரூன்றியது. அவசரத்துக்கு வந்த விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிவிட்டான். சமைக்க நேரமில்லையென்றால் இன்றைக்கும் ஒரு றாத்தல் பாணும் சம்பலுந்தான். அதிலே பாதியைப் பசிக்காக அல்ல, பழக்கத்துக்காகவே உண்கிறோம். ஆகவே அதைக் குறைப்பவர் பெரும்பாலும் இழப்பது பழக்கத்தையே, இன்பத்தையன்று.

இன்பமோ பாவமன்று. போசனப்பிரியத்தைக் கண்டித்த அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ், உடலைப் பேணுவதற்கு வேண்டிய இன்பத்தை வெறுத்துத் தள்ளுவதும் குற்றமே என்று போதித்தார். மேலும், போசனப்பிரியம் அளவில் மட்டும் இல்லை. வேளைக்கு முன் உண்பதும், விலையுயர்ந்ததையே தேடுவதும், பேராவலோடு விழுங்குவதும் அதன் கிளைகளே என்றார். சுத்தபோசன நாளில் இறைச்சியை விலக்கிவிட்டு, நல்ல நண்டும் இறாலும் தேடி அலைபவரை நாம் அறிவோம். சட்டம் காக்கப்பட்டது, மட்டசனம் எங்கே?

கூழுக்கும் அப்படியே. ஒடியல் மாவும் மாச்சத்துத்தான். இரண்டு துண்டுப் பாணை விட்டு மூன்று கோப்பை கூழ் குடிப்பவர் வைத்தியரை ஏமாற்றலாம். உடலை ஏமாற்ற முடியாது.

இதனிலும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. தகப்பனுக்குப் பாண் ஆகாது என்றதும், தாய் விடியுமுன் எழுந்து அவருக்கென்று குரக்கன் பிட்டு அவிக்கிறாள். பிள்ளைகளுக்கு வேறு சமையல். நேற்று மிஞ்சிய பாண் துண்டை அடுப்படியில் நின்றபடியே அவள் உண்கிறாள். குறைத்தவர் அவர், ஒறுத்தல் செய்தவள் அவள். நம் கட்டுப்பாட்டின் பாரத்தைப் பிறர் தலையில் ஏற்றினால் அது எப்படிப் புண்ணியமாகும்?

கூழின் சிறப்பே அது ஒரே பானை என்பதுதான். ஒருவர் மீன் வெட்ட, ஒருவர் பயற்றங்காய் முறிக்க, ஒருவர் பலாக்கொட்டை உரிக்க, பிள்ளைகள் பலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்துவார்கள். அங்கே தனிச் சமையலும் இல்லை, தனிச் சுமையும் இல்லை.

ஆதலால் பாணைக் குறைப்பவர் தம்மைத் தாமே மூன்று கேள்வி கேட்கட்டும். போதும் என்று சொல்ல என்னால் முடிகிறதா? நன்றியோடு உண்கிறேனா? எனக்காக யார் அடுப்படியில் நிற்கிறார்?

அடுத்த முறை கூழ் காய்ச்சும்போது, அகப்பையை அவரே கையில் எடுத்து, முதல் இலையை அவளுக்கு வார்க்கட்டும். பிறகு தாமும் ஓர் இலை குடித்து மகிழட்டும்.