நீ ஜெயித்தபோது தோற்றவன் யார்?



பணம் வைத்து ஆடும் ஆட்டம் சூதாட்டமா, இல்லையா? நம் தேசத்து நீதிமன்றங்கள் இதை வெகு காலமாக விசாரித்து வருகின்றன. ஜெயிப்பது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. 1968-ல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆட்டம் நடத்துகிறவன் அதில் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்த இரண்டாம் பகுதியைப் பலர் மறந்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் செல்போன் ரம்மியில் கடன்பட்டவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தபின், 2022-ல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2023 ஏப்ரலில் தடைச் சட்டம் வந்தது. அந்த நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடை செய்தது செல்லாது என்றது. பின்பு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாது என்று சட்டம் இயற்றியது.

"சட்டமே வந்துடுச்சே பாஸ்டர், இனி என்ன?" என்று சொல்லாதிருங்கள். சட்டம் கடையைப் பூட்டும். இருதயத்தின் இச்சையைப் பூட்டாது. கிரிக்கெட் நடக்கும் நாட்களில் டீக்கடை பெஞ்சில் பந்தயம் கட்டுகிறவர்களைப் பாருங்கள், புரியும்.

இந்தச் சட்டம் வருமுன், ஜெபத்துக்கு வந்த ஒரு வாலிபத் தம்பி என்னிடம் கேட்டார்: "பாஸ்டர், போன்ல ரம்மி ஆடி கொஞ்சம் பணம் ஜெயிச்சேன். இது திறமைன்னு கோர்ட்டே சொல்லுது. இந்தப் பணத்துல தசமபாகம் குடுத்தா ஆண்டவர் ஏத்துக்க மாட்டாரா?"

"அது பிசாசின் கருவி, தூக்கிப் போடு" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அதே போனில்தான் நம்மில் அநேகர் வேதம் வாசிக்கிறோம். விளையாட்டும் பாவமல்ல. வாசலில் உட்கார்ந்து கேரம் ஆடுகிற பிள்ளைகள், தோற்றவனும் ஜெயித்தவனுமாகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். யாருடைய சாப்பாடும் குறையவில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு கேள்வி. நான் ஜெயித்த பணம் யாருடைய வீட்டிலிருந்து வந்தது?

ஒரு கணக்குப் போடுவோம். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 600. கம்பெனி 60 ரூபாய் எடுத்துக்கொள்கிறது என்று வைப்போம். ஜெயித்தவனுக்கு 540. அங்கே ஒரு படி நெல் விளையவில்லை, ஒரு முழம் துணி நெய்யப்படவில்லை. ஐந்து வீட்டுப் பணம் ஒரு வீட்டுக்குப் போனது, நடுவில் கம்பெனி தன் பங்கை எடுத்தது. அவ்வளவுதான்.

"வியாபாரத்துலயும் ஒருத்தன் லாபம் இன்னொருத்தன் நஷ்டம்தானே?" என்பார்கள். இல்லை. டீக்கடைக்காரருக்குக் காசு போகிறது, எனக்கு டீ வருகிறது. இருவருக்கும் நன்மை. சூதிலோ, அடுத்தவன் இழந்தால்தான் எனக்கு வரும். அவன் இழக்க வேண்டும் என்று நான் விரும்பியே ஆக வேண்டும். பிறனை நேசி என்று கற்றவன் அந்த விருப்பத்தோடு எப்படி முழங்கால் போடுவான்?

"அவனும் சம்மதிச்சுத்தானே ஆடினான்?" ஆம், ஜெயிக்கச் சம்மதித்தான். தோற்கச் சம்மதித்து யார் உட்காருகிறார்கள்? அவன் மனைவி சம்மதித்தாளா? ஸ்கூல் பீஸுக்குக் காத்திருக்கிற பிள்ளை சம்மதித்ததா?

அந்தக் காலத்துச் சீட்டாட்டத்தில் தோற்றவனுடைய முகமாவது எதிரே இருந்தது. போனில் அதுவும் இல்லை. ஒரு புனைபெயர், ஒரு சின்னப் படம். சகேயு அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான் (லூக்கா 19:8). தான் யாரிடம் வாங்கினோம் என்று அவனுக்குத் தெரியும். இன்று போனில் ஜெயித்தவன் மனந்திரும்பினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்?

தசமபாகத்துக்கும் இதுவே பதில். யூதாஸ் எறிந்த முப்பது வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் போட அந்தப் பிரதான ஆசாரியரே கூசினார்கள், அது இரத்தக்கிரயம் என்று (மத்தேயு 27:6). தாவீது ராஜாவும் தனக்குச் செலவில்லாத பலியைச் செலுத்த மனதில்லாமல், அர்வனாவின் களத்தை விலை கொடுத்தே வாங்கினான் (2 சாமுவேல் 24:24). அடுத்தவன் கண்ணீரில் பத்தில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தால் அது காணிக்கையாகாது, தம்பி.

மத்தியாவைத் தெரிந்தெடுக்க அப்போஸ்தலரும் சீட்டுப் போட்டார்களே என்று கேட்கலாம். அவர்கள் முடிவைக் கர்த்தர் கையில் விட்டார்கள். ஒருவன் பொருளையும் எடுக்கவில்லை. சிலுவையின் கீழே போர்ச்சேவகர் போட்ட சீட்டைப் பாருங்கள் (யோவான் 19:24). அவர்கள் கண் அங்கியின்மேல் இருந்தது. அந்த அங்கிக்குரியவர் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சூதின் உண்மையான பாவம் அந்த நிமிராத தலைதான்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது இப்படிப்பட்ட கடனில் சிக்கியிருந்தால் மறைக்காதிருங்கள். முதலில் மனைவியிடம், பெற்றோரிடம் சொல்லுங்கள். பிறகு சபை மூப்பரிடம் வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம், ஜெபிப்போம், கடனை அடைக்க வழி தேடுவோம். சபையாரே, வந்தவனைப் பற்றி வாசலில் நின்று பேசாதிருங்கள். வெட்கத்துக்குப் பயந்துதான் அநேகர் சாவைத் தேடுகிறார்கள். ஒரு ஆத்துமா நம் நாவினால் அழிந்துபோனால் எழுப்புதல் எங்கிருந்து வரும்?

கையினால் பிரயாசப்பட்டு, குறைச்சலுள்ளவனுக்கும் கொடுக்கும்படி உழைக்கச் சொல்கிறது வேதம் (எபேசியர் 4:28). வாங்கும் கையைக் கொடுக்கும் கையாக மாற்றுகிறவர் நம் ஆண்டவர். அவர் தாமே நம் வாலிபரையும் அவர்கள் வீடுகளையும் காப்பாராக. ஆமென். மாரநாதா!